கால்வாயும் கல்விக்கூடமும்

திருவள்ளுவப் பெருந்தகை கல்வி என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்தாரல்லர். பொருட்பாலில், இறைமாட்சியை அடுத்து வைத்தார். நாடு என்னும் அதிகாரமும் அப்பொருட்பாலிலேயே இடம்பெற்றுள்ளது. நீர்வளத்தையும் மலைவளத்தையும் அரணையும் நாட்டின் உறுப்புகளாக அவர் அங்கு எண்ணிக் காட்டுகின்றார். ஒரு நாட்டின் செல்வத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் அந்நாட்டு மக்கள் பெற்ற கல்வியையும், அந்நாட்டில் அமைந்த ஆற்றையும் அணையையும் சாலையையும் ஒருசேர வைத்து நோக்க வேண்டும் என்னும் குறிப்பினை இவ்வைப்பு முறை நமக்குத் தருகின்றது எனலாம்.

இக்கருத்தை என் உள்ளத்தில் மீண்டும் கிளறிவிட்டவன் ஆறாம் ஆண்டு வகுப்பு மாணவன் ஒருவன். உலகப் படத்தை விரித்து வைத்து அரபு நாடுகளை அடையாளங் காட்டிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து நின்று, “ஐயா, அங்கே மண்ணைத் தோண்டினால் எண்ணெய் வருகிறது. அந்த நாட்டுப் பிள்ளைகள் ஏன் பள்ளிக்குப் போக வேண்டும்?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். எண்ணெய் ஒருநாள் தீர்ந்துபோகும் என்று எல்லாரும் கூறும் விடையையே கூறி அவனை அமரச் செய்தேன். ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. கல்வி கற்றால் வாழ்வு உயரும் என்று முப்பது ஆண்டுகளாகப் பெற்றோரிடம் கூறிவந்துள்ள ஆசிரியன் நான். அவ்வாக்கு எப்போது மெய்யாகின்றது, எப்போது பொய்த்துப் போகின்றது என்பதனை ஆராய்ந்து அறிந்துகொள்ள வேண்டிய கடமை எனக்குண்டு. அவ்வாராய்ச்சிக்கு அரபு நாடுகளின் வரலாறு போல் விளக்கமான சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

அரபு நாடுகள் கூட்டமைப்பில் இருபத்திரண்டு நாடுகள் உள்ளன. அவை அனைத்தையும் இக்கட்டுரையில் அடக்குதல் இயலாது. எகிப்து, வளைகுடா நாடுகள், துனீசியா ஆகிய மூன்று களங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முகம்மது அலியின் பள்ளிகள்

1805ஆம் ஆண்டு முதல் 1848ஆம் ஆண்டு வரை எகிப்தை ஆண்டவர் முகம்மது அலி. உதுமானியப் பேரரசின் ஆளுநராக வந்து, தன்னுரிமை மன்னரைப் போலவே ஆட்சி செலுத்தியவர் அவர். ஐரோப்பியப் படைகளின் வலிமையைக் கண்ட அவர், தமக்கும் அத்தகைய படை வேண்டுமென விரும்பினார். படைக்கு மருத்துவர் வேண்டும். பீரங்கி வார்க்கப் பொறியாளர் வேண்டும். கணக்கறிந்த அதிகாரிகள் வேண்டும். ஆகவே பள்ளிகளைத் திறந்தார். 1827ஆம் ஆண்டில் அபூ சாபல் என்னுமிடத்தில் குளோ பே என்ற பிரெஞ்சு மருத்துவரின் தலைமையில் மருத்துவப் பள்ளி தோன்றியது. 1830களில் பூலாக்கில் பொறியியல் பள்ளி எழுந்தது. அதற்கு முன்னரே அவ்வூரில் அரசு அச்சகம் நிறுவப்பட்டிருந்தது.

அம்மருத்துவப் பள்ளியின் வகுப்பறை ஆசிரியராகிய நம் கருத்தைக் கவரத்தக்கது. ஆசிரியர்க்கு அரபு மொழி தெரியாது. மாணவர்க்குப் பிரெஞ்சு தெரியாது. இருவர்க்குமிடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்று பாடத்தை வாக்கியம் வாக்கியமாகப் பெயர்த்துச் சொல்வார். இவ்விடர்ப்பாட்டை நீக்கியவர் ரிஃபாஆ அல்-தஹ்தாவி என்னும் அறிஞர். 1826ஆம் ஆண்டில் முகம்மது அலி நாற்பதுக்கு மேற்பட்ட மாணவர்களைப் பாரிசுக்கு அனுப்பியபோது, அவர்கட்குச் சமய வழிகாட்டியாக உடன் சென்றவர் அவர். தொழுகை நடத்தச் சென்றவர் தாமும் மாணவராகிப் பிரெஞ்சு மொழியைக் கற்றுத் தேர்ந்து 1831இல் நாடு திரும்பினார். 1835ஆம் ஆண்டில் மொழிகளின் பள்ளி அவர் முயற்சியால் உருவாயிற்று. அவரும் அவர்தம் மாணாக்கரும் நூற்றுக்கணக்கான நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தனர். அறிவு தாய்மொழியில் இறங்கினாலன்றி மக்களிடையே வேர்கொள்ளாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எனினும் அப்பள்ளிகள் நிலைபெறவில்லை. அவை படைக்காக எழுந்தவை. படையோடு வாழ்ந்து படையோடு வீழ்ந்தன. 1838ஆம் ஆண்டில் பிரிட்டன் உதுமானிய அரசோடு செய்துகொண்ட வணிக உடன்படிக்கை முகம்மது அலியின் தனியுரிமை வணிகத்தை முறித்தது. 1841ஆம் ஆண்டில் அவருடைய படை 18,000 வீரர் என்னும் அளவுக்குள் அடக்கப்பட்டது. படை சுருங்கவே தொழிற்சாலைகள் பாழாயின. பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவருக்குப் பின் வந்த அப்பாஸ் மொழிகளின் பள்ளியையும் மூடினார். தஹ்தாவி சூடானிலுள்ள கார்த்தூம் நகரத்திற்கு ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராக அனுப்பப்பட்டார். அஃது ஒருவகை நாடு கடத்தலே.

அக்காலத்து உழவர்தம் நிலையையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். 1820இல் நிறைவுற்ற மஹ்மூதிய்யாக் கால்வாய் அலெக்சாண்டிரியாவை நைல் ஆற்றோடு இணைத்தது. நீண்ட இழைப் பருத்தி அவ்வழியே துறைமுகம் சென்று நாட்டுக்குப் பணம் ஈட்டியது. ஆனால் அதனை வெட்டியவர்கள் கட்டாயப் பணிக்கு இழுத்து வரப்பட்ட ஏழை உழவர்கள். ஆயிரக்கணக்கானோர் அவ்வேலையில் மாண்டனர். கால்வாயை வெட்டிய கைகளுக்கு எழுத்தறிவு கிட்டவில்லை. இந்தப் பிளவு எகிப்தின் பிற்கால வரலாறு முழுவதும் தொடர்ந்து வருவதைக் காணலாம்.

ஒருவர் கையில் மூன்று துறைகள்

பாரிசுக்கு 1844ஆம் ஆண்டில் சென்ற மற்றொரு மாணவர் குழுவில் அலி முபாரக் என்னும் இளைஞர் இருந்தார். அவர் சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதில் ஆசிரியரின் அடிக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு ஓடியவர். பின்னர் அரசுப் பள்ளியில் சேர்ந்து பொறியாளராக உயர்ந்தார். கெடீவ் இஸ்மாயில் ஆட்சியில் (1863–1879) பள்ளிகள், பொதுப்பணி, இருப்புப்பாதை ஆகிய துறைகள் ஒரே காலத்தில் அவர் பொறுப்பில் விடப்பட்டன.

இவ்வமைப்பை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பாலம் கட்டுபவரே பள்ளியையும் நடத்துவாராயின், எந்தப் பாலத்துக்கு எத்தகைய படிப்பு வேண்டுமென அவர் அறிவார். எந்தப் பள்ளியில் படித்தவன் எந்தப் பணிமனைக்குச் செல்வான் என்பதையும் அறிவார். சிற்றூர்ப் பள்ளிகளைச் சீர்ப்படுத்த முயன்ற அலி முபாரக், அவற்றில் கற்பிக்கத் தக்க ஆசிரியர் இல்லாமையே தலையாய குறை எனக் கண்டார். ஆகவே 1872ஆம் ஆண்டில் தாருல் உலூம் என்னும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரி இன்றளவும் கெய்ரோ பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகத் திகழ்கின்றது. அடுத்த ஆண்டிலேயே பெண்களுக்கான அரசுத் தொடக்கப் பள்ளியும் கெய்ரோவில் திறக்கப்பட்டது.

ஆனால் அலி முபாரக்கின் பொறுமையான பணிக்குக் காலம் இடங்கொடுக்கவில்லை. இஸ்மாயில் விரைந்து ஓட விரும்பினார். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் (1861–1865) பருத்தி விலை ஏறியிருந்தது. அவ்விலை நீடிக்கும் என்று நம்பி, பெருவட்டிக்குக் கடன் வாங்கி இருப்புப்பாதையும் தந்திக் கம்பியும் பாலங்களும் மாளிகைகளும் எழுப்பினார். அனைத்திற்கும் மணிமுடியாய் அமைந்தது சூயஸ் கால்வாய்.

1859ஆம் ஆண்டில் தொடங்கி 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் திறக்கப்பட்ட அக்கால்வாய் உலக வணிகத்தின் போக்கையே மாற்றியது. நாம் வாழும் இப்பகுதியும் அம்மாற்றத்தின் பயனைப் பெற்றது. ஐரோப்பாவுக்கும் கிழக்குலகுக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியே வரத் தொடங்கியபின் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வாணிகம் பெருகிற்று. ஆனால் கால்வாய் ஓடிய நாட்டின் கதை வேறு. கட்டாய உழைப்பை நிறுத்தியதற்காக எகிப்து கால்வாய்க் கும்பினிக்கு இழப்பீடு கட்ட வேண்டியதாயிற்று. நாட்டின் கடன் 1876இல் 9 கோடிப் பவுனையும் தாண்டியது. கும்பினியில் எகிப்துக்கு இருந்த 44 விழுக்காட்டுப் பங்குகள் 1875இல் ஏறத்தாழ 40 இலட்சம் பவுனுக்குப் பிரிட்டனிடம் விற்கப்பட்டன. 1880இல் இலாபத்தில் எஞ்சியிருந்த 15 விழுக்காட்டு உரிமையும் கைவிட்டுப் போயிற்று. 1882இல் பிரிட்டிஷ் படை நாட்டினுள் நுழைந்தது. தன் நிலத்தின் நடுவே ஓடும் கால்வாயைக் கரையில் நின்று பார்க்கும் நிலைக்கு எகிப்தியர் ஆளாயினர்.

அணை உயர்ந்தது, பள்ளி உயரவில்லை

1883ஆம் ஆண்டு முதல் 1907ஆம் ஆண்டு வரை எகிப்தின் நிர்வாகத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் குரோமர் பிரபு. அவர் காலத்தில் பாசன வசதிகள் சிறந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 1902ஆம் ஆண்டில் அசுவான் நகரில் முதலாவது அணை கட்டி முடிக்கப்பட்டது. பருத்தி ஏற்றுமதி வளர்ந்தது. கடன் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தப்பட்டது. ஆனால் கல்விக்கு வரவுசெலவில் மிகச் சிறு பங்கே ஒதுக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளில் கட்டணம் விதிக்கப்பட்டது. அலுவலகங்களுக்குக் கணக்கர்கள் கிடைத்தால் போதும் என்ற எண்ணமே ஆட்சியாளரிடம் மேலோங்கி இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தியருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவராகவே இருந்தனர்.

அணையிலிருந்து பாய்ந்த நீர் வயலை நனைத்தது. வயலில் விளைந்த பருத்தி இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் சென்றது. நூற்பதற்கும் நெய்வதற்கும் இயந்திரம் செய்வதற்கும் வேண்டிய அறிவு எகிப்தில் வளர்க்கப்படவில்லை. வளர்ச்சி இருந்தது, அது வயலின் எல்லையோடு நின்றுவிட்டது. அரசு செய்யாததை மக்களே செய்ய முற்பட்டனர். நன்கொடைகளைத் திரட்டி 1908ஆம் ஆண்டில் எகிப்தியப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினர். இளவரசி பாத்திமா தம் நிலத்தையும் நகைகளையும் அதற்கென வழங்கினார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டத்தை 1914இல் பெற்றவர் கண்பார்வையற்ற தாஹா ஹுசைன். அவரே 1950ஆம் ஆண்டில் கல்வி அமைச்சராகி, கல்வி நீரையும் காற்றையும் போல அனைவர்க்கும் உரியது என்று முழங்கி, இடைநிலைக் கல்வியின் கட்டணத்தை நீக்கினார்.

1956: ஓர் இரவின் தேர்வு

கல்விக்கும் அடிப்படை வசதிக்கும் உள்ள உறவை நூறு நூல்களைவிடத் தெளிவாக விளக்கும் நிகழ்ச்சியொன்று 1956ஆம் ஆண்டில் நடந்தது. அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். பொறியாளர் மஹ்மூத் யூனுஸ் தலைமையில் சென்ற குழுவினர் கும்பினியின் அலுவலகங்களைத் தம் பொறுப்பில் கொண்டனர். கட்டடங்கள் கைக்கு வந்துவிட்டன. ஆனால் கப்பல்களைக் கால்வாய் வழியே நடத்திச் செல்லும் பைலட் எனப்படும் வழிகாட்டி மாலுமிகளில் மிகப் பெரும்பாலோர் அயல்நாட்டவர். செப்டம்பர் மாதத்தின் நடுவில் ஓரிரவு அவர்களுட் பெரும்பாலோர் ஒருங்கே பணியினின்றும் விலகிச் சென்றனர். எகிப்தியரால் கால்வாயை நடத்த முடியாது, ஓரிரு நாள்களில் கப்பல்கள் தேங்கி நிற்கும் என்று உலகத் தலைநகரங்களில் பலரும் எதிர்பார்த்தனர்.

கப்பல்கள் தேங்கவில்லை. பணியில் எஞ்சியிருந்த எகிப்திய மாலுமிகளும் கிரேக்கரும், புதிதாகப் பயிற்சி பெற்றோரும், பிற நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தோரும் இரவு பகலாக உழைத்துக் கப்பல்களை நடத்தினர். அக்டோபர் மாத இறுதியில் மூண்ட போர்தான் கால்வாயை மூடிற்றேயன்றித் திறமைக் குறைவு மூடவில்லை. 1957ஆம் ஆண்டில் கால்வாய் மீண்டும் திறக்கப்பட்டபோது எகிப்தியரே அதனை நடத்தினர்.

ஒரு கால்வாய் யாருக்கு உரியது என்பதனைப் பத்திரங்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதனை இயக்கத் தெரிந்தவன் இல்லாவிடில் உரிமைப் பத்திரம் வெறுந்தாளே ஆகும். 1869இல் கால்வாய் எகிப்தில் இருந்தது; ஆனால் அதனை நடத்தும் அறிவு எகிப்தியரிடம் இல்லை. 1956இல் அவ்வறிவும் வந்து சேர்ந்தது. எண்பத்தேழு ஆண்டு இடைவெளியை நிரப்பியவை பள்ளிகளும் பயிற்சிக் கூடங்களுமேயாம்.

பட்டமும் காத்திருப்பும்

அந்த வெற்றிக்குப் பின் எகிப்து கல்வியில் பாய்ச்சலாக முன்னேறியது. 1962ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்விக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. 1960இல் தொடங்கி 1970இல் நிறைவுற்ற அசுவான் உயர் அணை சிற்றூர்களுக்கும் மின்விளக்கைக் கொணர்ந்தது. உழவர் மகன் மருத்துவனானான். தொழிலாளி மகள் ஆசிரியையானாள். இப்பெருமையை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அதே காலத்தில் ஓர் உறுதிமொழியும் அளிக்கப்பட்டது. பட்டம் பெற்ற ஒவ்வொருவர்க்கும் அரசுப் பணி உண்டு என்பதே அது. 1964ஆம் ஆண்டில் தொழிற்கல்விச் சான்றிதழ் பெற்றோர்க்கும் அவ்வுறுதி விரிவாக்கப்பட்டது. விளைவு என்ன? மாணவர்கள் தொழிலைக் கற்கப் பள்ளிக்கு வராமல், சான்றிதழைப் பெற வந்தனர். எந்தத் துறையில் பயின்றாலும் அலுவலக நாற்காலி ஒன்று உறுதி என்னும்போது, கடினமான துறையை நாடுவானேன்? ஒருவர் செய்யும் வேலையைப் பலர் பகிர்ந்துகொண்டனர். அரசாங்கத்தால் நாற்காலிகளைப் பெருக்க முடியாமற் போகவே, பணி ஆணைக்குக் காத்திருக்கும் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1980களில் பட்டம் பெற்றோர் ஐந்தாண்டுகளும் அதற்கு மேலும் காத்துக் கிடந்தனர்.

முதற்காலத்தில் எகிப்தில் கால்வாய் இருந்தது, கற்றவர் இல்லை. பிற்காலத்தில் கற்றவர் இருந்தனர், அவர்தம் கல்விக்கேற்ற தொழில் போதிய அளவு இல்லை. காத்திருந்தவர்களில் பலர் கப்பலேறினர். எகிப்திய ஆசிரியர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் செங்கடலுக்கு அப்பால் சென்றனர். அவர்கள் சென்ற இடம்தான் நம் மாணவன் கேள்வி எழுப்பிய வளைகுடா.

முத்தும் எண்ணெயும்

வளைகுடாவில் எண்ணெய் வந்தது. அதன் பின்னரே பள்ளி வந்தது எனப் பலர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. முத்துக் குளிப்பும் கடல் வாணிகமுமே அம்மக்களின் பழந்தொழில்கள். 1911ஆம் ஆண்டின் இறுதியில் குவைத் வணிகர்கள் தம் கைப்பொருளை ஈந்து முபாரக்கிய்யா என்னும் பள்ளியைத் திறந்தனர். கணக்கும் கடிதம் எழுதும் முறையும் அறிந்த இளைஞர்கள் அவர்தம் வாணிகத்துக்குத் தேவைப்பட்டனர். 1919ஆம் ஆண்டில் பஹ்ரைனின் முஹர்ரக் நகரிலும், 1928ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பெண்களுக்கும் பள்ளிகள் தோன்றின. பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்த ஆண்டோ 1932. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் முத்துத் தொழிலை நசித்த அக்கொடிய ஆண்டுகளிலும் குவைத் வணிகர்கள் பள்ளியைக் கைவிடவில்லை. 1936இல் பாலஸ்தீனத்திலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தனர். குவைத்தின் எண்ணெய் கப்பலேறியது 1946இல்தான்.

துபாயின் கதையும் அத்தகையதே. 1950களில் அங்குள்ள கடற்கழி மணல் மூடிப் படகுகள் நுழைய இயலாதவாறு தூர்ந்து வந்தது. ஷேக் ராஷித் கடன் வாங்கி அதனைத் தூர்வாரச் செய்தார். குவைத்தும் கடன் கொடுத்து உதவியது. 1961க்குள் அவ்வேலை முடிந்தது. துபாயில் எண்ணெய் கண்டறியப்பட்ட ஆண்டு 1966. எண்ணெய்ப் பணம் வருமுன்னரே கழியைத் திறந்தவர்கள், வந்த பணத்தைக் கொண்டு 1972இல் ராஷித் துறைமுகத்தையும் 1979இல் ஜெபல் அலித் துறைமுகத்தையும் கட்டினர். இன்று துபாயின் வருவாயில் எண்ணெயின் பங்கு மிகச் சிறியது.

முன்னேற்பாடு இன்றிச் செல்வம் வந்த இடத்தில் நிலைமை எவ்வாறிருந்தது என்பதற்கு ஓமன் சான்றாகும். 1967ஆம் ஆண்டிலேயே அங்கிருந்து எண்ணெய் ஏற்றுமதியாயிற்று. ஆனால் 1970ஆம் ஆண்டில் சுல்தான் காபூஸ் அரியணை ஏறியபோது நாடு முழுவதும் மூன்றே பள்ளிகள், ஏறத்தாழ 900 ஆண் மாணவர்கள், பெண் ஒருத்தியுமில்லை. செப்பனிட்ட சாலை 10 கிலோ மீட்டர் அளவே. எண்ணெய் இருந்தும் நாடு இருளில் கிடந்தது. அதன் பிறகே பள்ளியும் சாலையும் மருத்துவமனையும் ஒருங்கே எழுந்தன.

சவூதி அரேபியாவிலிருந்து ஒருவரின் வாழ்க்கையைக் காட்டலாம். ஆடு மேய்த்த குடும்பத்திற் பிறந்த அலி அல்-நுஐமி 1947ஆம் ஆண்டில், பன்னிரண்டு வயதில், அராம்கோ எண்ணெய் நிறுவனத்தில் அலுவலகப் பையனாகச் சேர்ந்தார். நிறுவனம் நடத்திய பள்ளியில் படித்தார். பின்னர் அமெரிக்காவில் நிலவியல் பயின்று திரும்பினார். 1984இல் அந்நிறுவனத்தின் முதல் சவூதித் தலைவரானார். 1995 முதல் 2016 வரை நாட்டின் எண்ணெய் அமைச்சராக இருந்தார். பணிமனையோடு ஒட்டிய பள்ளி என்ன செய்யவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் வளைகுடாவின் பொதுநிலை இதுவன்று. 1973இல் எண்ணெய் விலை நான்கு மடங்காக ஏறியபின் வேலைகள் மலையெனக் குவிந்தன. செய்யத் தெரிந்த கைகள் உள்நாட்டில் இல்லை. எனவே திறனை விலைக்கு வாங்கினர். கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பற்றவைப்போரும் மின்வினைஞரும் கொத்தரும் தாதியரும் சென்றனர். தமிழகத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு பயின்ற இளைஞனின் கைத்திறன் அபுதாபியின் குழாய்களிலும் தோஹாவின் கட்டடங்களிலும் இன்றும் வாழ்கின்றது. கத்தார், ஐக்கிய அரபு சிற்றரசுகள் ஆகிய நாடுகளில் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்களவே நாட்டுக் குடிகள் ஆவர். அவர்களிற் பெரும்பாலோர் அரசு அலுவல்களையே நாடினர். தனியார் தொழில்களில் அயலவர் உழைத்தனர். எகிப்தின் பட்டதாரி அரசு நாற்காலிக்குக் காத்திருந்தான். வளைகுடாவின் பட்டதாரிக்கு அந்நாற்காலி காத்திருந்தது. இருவர்க்கும் தொழில்திறனை வளர்த்துக்கொள்ளத் தூண்டுதல் குறைவாகவே இருந்தது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோதும் 2014இல் மீண்டும் சரிந்தபோதும், விலைக்கு வாங்கிய திறன் எவ்வளவு காலம் நிற்கும் என்னும் அச்சம் அவ்வரசுகளைப் பற்றியது. 2016இல் சவூதி அரேபியா வகுத்த 2030 தொலைநோக்குத் திட்டம் அவ்வச்சத்திலிருந்து பிறந்ததேயாகும்.

கடற்கரையும் உள்நாடும்

எண்ணெய்ச் செல்வம் பெரிதும் இல்லாத துனீசியா கல்வியையே செல்வமாகக் கருதியது. 1956இல் விடுதலை பெற்ற அந்நாடு 1958ஆம் ஆண்டில், எழுத்தாளரும் அமைச்சருமாகிய மஹ்மூத் மெஸ்அதியின் பொறுப்பில், கட்டணமற்ற கல்வியை நாடெங்கும் பரப்பும் சட்டத்தை இயற்றியது. வரவுசெலவில் பெரும்பங்கு பள்ளிகளுக்குச் சென்றது. பெண்களும் பெருமளவில் கற்றனர்.

ஆனால் அந்நாட்டின் பாதைகள் வேறொரு காலத்தில், வேறொரு நோக்கத்தோடு போடப்பட்டவை. 1899ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அமைத்த இருப்புப்பாதை உள்நாட்டுக் கப்சா வட்டாரத்தின் பாஸ்பேட்டை ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குக் கொண்டு சென்றது. சுரங்க மண் கடற்கரை சேர்ந்தது. கடற்கரையின் தொழில்கள் உள்நாட்டுக்கு ஏறி வரவில்லை. விடுதலைக்குப் பின்னும் ஆலைகளும் விடுதிகளும் துனிஸ், சூஸ், ஸ்ஃபாக்ஸ் ஆகிய கடற்கரை நகரங்களிலேயே குவிந்தன. பள்ளி மட்டும் எல்லா ஊருக்கும் சென்றது. கப்சாவிலும் கஸ்ரீனிலும் சிதி பூசிதிலும் பட்டம் பெற்ற இளைஞர், பெற்ற பட்டத்தோடு தெருவில் நின்றனர். 2010ஆம் ஆண்டளவில் நாட்டின் வேலையின்மை 13 விழுக்காடு. பட்டதாரிகளிடையே அஃது 20 விழுக்காட்டையும் கடந்திருந்தது. அதிகம் படித்தவனுக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று என்பது கேட்கவே நெஞ்சு நடுங்கும் செய்தி.

2008இல் கப்சாச் சுரங்க ஊர்களில், ஆள்சேர்ப்பில் முறைகேடு என்று கிளர்ச்சி வெடித்தது. 2010 டிசம்பர் 17ஆம் நாள் சிதி பூசிதில், தள்ளுவண்டியில் பழம் விற்ற முகம்மது புவாசிசி தம்மைத் தீக்கிரையாக்கிக் கொண்டார். அவர் ஒரு பட்டதாரி என்றே நாடெங்கும் பேச்சு பரவியது. உண்மையில் அவர் இடைநிலைக் கல்வியையும் முடித்தவரல்லர். ஆயினும் அப்பேச்சை மக்கள் உடனே நம்பினர். பட்டதாரி ஒருவர் பழவண்டி தள்ளுவது அங்கு வியப்புக்குரிய செய்தியாக இல்லாமையே அதற்குக் காரணமாகும். 2011 ஜனவரி 14ஆம் நாள் அதிபர் பென் அலி நாட்டை விட்டோடினார். அரபுலகம் முழுவதும் அத்தீ பரவிற்று.

பயன்படாத பாதி

இன்னொரு செய்தியையும் கூறாமல் மேற்செல்லல் முறையன்று. 1832ஆம் ஆண்டில் எகிப்தில் மருத்துவச்சியர் பள்ளி திறந்தபோது, பெண்ணை அனுப்ப எக்குடும்பமும் முன்வராமையால், விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்களைக் கொண்டே முதல் வகுப்பை நடத்த வேண்டியிருந்தது. இன்று நிலை தலைகீழாக மாறியுள்ளது. பல அரபு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் ஆடவரினும் மகளிரே மிகுதி. ஆயினும் தொழிலுலகில் பங்குகொள்ளும் அரபு மகளிர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. உலகிலேயே இது மிகக் குறைந்த அளவுகளுள் ஒன்று. வீட்டிலிருந்து பணியிடம் செல்லப் பாதுகாப்பான பேருந்து இல்லை. குழந்தையை விட்டுச் செல்லக் காப்பகம் இல்லை. வழக்கமும் சட்டமும் வழிவிடவில்லை. கற்பித்த பின் கதவை அடைத்தால், அக்கல்விக்குச் செலவிட்ட பொருளில் பாதி பயனற்றுப் போகாதோ?

2008ஆம் ஆண்டில் உலக வங்கி வெளியிட்ட அறிக்கையொன்று, அரபு நாடுகள் நாற்பதாண்டுகளாகத் தம் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைக் கல்விக்கெனச் செலவிட்டும், அக்கல்விக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள பிணைப்பு வலுவற்றே இருக்கின்றதென எடுத்துரைத்தது. நாம் மேலே கண்ட வரலாறு அதன் காரணத்தைக் காட்டிவிட்டது.

முடிவுரை

பள்ளி, தொழில்திறன், அடிப்படை வசதி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. கால்வாய் மட்டும் வெட்டினால் அதில் அயலான் கப்பல் ஓடும். பள்ளி மட்டும் கட்டினால் படித்தவன் கப்பலேறிப் போவான். அன்றித் தெருவில் நிற்பான். பணம் மட்டும் வந்தால் திறனை விலைக்கு வாங்கலாம். அது வாடகை வீடு போன்றது. இம்மூன்றையும் ஒருவர் கையில் வைத்து ஒருநோக்கில் நடத்த அலி முபாரக்குக்குக் கிடைத்த வாய்ப்பு சில ஆண்டுகளே நீடித்தது. அதனை முழுமையாகப் பயன்படுத்தக் கடன்காரர்கள் விடவில்லை. அவ்வாய்ப்பு இன்னும் அரை நூற்றாண்டு நீடித்திருக்குமாயின் எகிப்தின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும் என எண்ணாமல் இருக்க இயலவில்லை.

ஆசிரியர் பெருமக்களே! அணை கட்டுவதும் ஆலை அமைப்பதும் நம் கையில் இல்லை. ஆனால் நம் வகுப்பறையிலிருந்து மாணவன் எதை எடுத்துச் செல்கின்றான் என்பது நம் கையில் உள்ளது. சான்றிதழை மட்டும் எடுத்துச் செல்பவன் பிறர் தரும் நாற்காலிக்குக் காத்திருப்பான். அளக்கவும் ஆராயவும் பழுது நீக்கவும் பிறர்க்கு எடுத்துரைக்கவும் தெரிந்து செல்பவன், 1956ஆம் ஆண்டு செப்டம்பர் இரவில் நின்ற எகிப்திய மாலுமியைப் போல், அழைப்பு வரும்போது கப்பலை நடத்துவான். கல்வி கற்றால் வாழ்வு உயரும் என்று பெற்றோரிடம் இனியும் கூறுவேன். ஆனால் எத்தகைய கல்வி என்பதையும் சேர்த்தே கூறுவேன்.

அம்மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கின்றான். அண்மையில் கோயில் திருவிழாவில் அவனைக் கண்டேன். அன்று நான் அளித்த விடை அரைகுறையானது என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். எண்ணெய் தீர்ந்துபோகும் என்பதற்காக மட்டும் அப்பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவில்லை. எண்ணெய் இருக்கும்போதே அதனைத் தம்முடையதாக ஆக்கிக்கொள்ளவும் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் ஐயா, நம்முடையது எது?” என்று கேட்டான். இம்முறை நான் சிரிக்கவில்லை.